புகும் வாயிலும் போகும் வாயிலும்

மனிதன் தனக்கு வேண்டும் பொருள்கள் அனைத்தையும் தானே ஆக்கிக்கொள்வதில்லை. சிலவற்றை விலைக்கு வாங்குகின்றான். சிலவற்றை வாடகைக்குப் பெறுகின்றான். உழவன் சொந்த நிலத்தை உழுவதும் உண்டு. பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுவதும் உண்டு. வணிகன் சொந்தக் கட்டடத்தில் கடை வைப்பதும் உண்டு. வாடகைக் கட்டடத்தில் வைப்பதும் உண்டு. சொந்தப் பொருளில் உரிமை மிகுதி. ஆயின் முதலீடும் பராமரிப்பும் மிகுதி. வாடகைப் பொருளில் தொடக்கச் செலவு குறைவு. ஆயின் பிறர் விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும். இவ்விரண்டனுள் எது நன்று என்னும் வினா மிகப் பழையது.

அப்பழைய வினா நம் காலத்தில் புதிய உருவில் தோன்றியுள்ளது. தம் கணக்குகளையும் வாடிக்கையாளர் விவரங்களையும் கணிப்பொறியில் வைத்துக் காக்கும் நிறுவனங்கள், அக்கணிப்பொறிகளைத் தாமே வாங்கி வைப்பதா, பிறரிடம் வாடகைக்குப் பெறுவதா என ஆராய்கின்றன. வாடகைக்குப் பெறுவது எனின், எவரிடம் பெறுவது? என்ன விலைக்குப் பெறுவது? எந்நிபந்தனைகளோடு பெறுவது? இவ்வினாக்களுக்கு நிறுவனங்கள் விடை காணும் முறையினை இப்பாடத்தில் காண்போம்.

மேகம் என்பது யாது?

மேகக் கணிமை என்னும் பெயரைக் கேட்போர், அஃது ஏதோ வானத்தில் மிதக்கும் பொருள் என்று எண்ணுதல் கூடும். உண்மையில் மண்ணில் நிற்கும் பெருங்கட்டடங்களே அதன் இருப்பிடம். அக்கட்டடங்களுக்குத் தரவு மையங்கள் என்று பெயர். சர்வர் எனப்படும் கணிப்பொறிகள் ஆயிரக்கணக்கில் அங்கே அடுக்கடுக்காக நிற்கும். அவற்றிற்கு இடையறாது மின்சாரம் வேண்டும். அவை வெளிவிடும் வெப்பத்தைத் தணிக்கக் குளிரூட்டும் கருவிகள் வேண்டும். மின்சாரம் தடைப்படின் உடனே துணைசெய்யும் மின்கலங்களும் ஜெனரேட்டர்களும் வேண்டும். இரவும் பகலும் காவல் வேண்டும். இவையனைத்தையும் ஒரு பெருநிறுவனம் தன் செலவில் அமைக்கின்றது. பின்னர் அக்கணிப்பொறிகளின் ஆற்றலைச் சிறுசிறு கூறுகளாக்கி, இணையத்தின் வழியே பலர்க்கும் வாடகைக்கு விடுகின்றது. வீட்டில் மின்சார மீட்டர் ஓடிய அளவிற்கு நாம் கட்டணம் செலுத்துவது போல, பெறுவோர் தாம் பயன்படுத்திய அளவிற்குப் பணம் செலுத்துகின்றனர். பொறியாளர்கள் தம் வரைபடங்களில், தொலைவிலுள்ள வலையமைப்பினை மேகத்தின் உருவால் குறித்து வந்தனர். அவ்வுருவே பிற்காலத்தில் இத்தொழிலுக்குப் பெயராயிற்று.

அமெரிக்காவின் அமேசான் நிறுவனம், 2006-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தரவுகளைச் சேமித்து வைக்கும் பணியையும், அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் கணிப்பொறி ஆற்றலை வாடகைக்கு விடும் பணியையும் தொடங்கிற்று. கூகுள் 2008-லும், மைக்ரோசாப்ட் 2010-லும் தத்தம் பணிகளை வழங்கத் தலைப்பட்டன. இத்தொழிலில் இன்று முன்னணியில் நிற்பவை இம்மூன்று நிறுவனங்களே. நம் நாட்டிலும் இவை மையங்கள் அமைத்துள்ளன. 2015-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் சென்னை, புணே, மும்பை ஆகிய 3 நகரங்களில் மையங்களைத் திறந்தது. 2016-இல் அமேசானும், 2017-இல் கூகுளும் மும்பையில் இடங்கொண்டன.

வாடகையை நாடுவது ஏன்?

தேர்த் திருவிழா நாளில் ஓர் ஊருக்குப் பல்லாயிரவர் வருவர். அந்த ஒரு நாளுக்காக ஆண்டு முழுதும் வெறுமையாய்க் கிடக்கும் பெருஞ்சத்திரத்தைக் கட்டி வைப்பார் உண்டோ? அன்றைக்கு வேண்டும் பந்தலை வாடகைக்குப் போடுவதே முறை. கணிப்பொறியின் தேவையும் சில நிறுவனங்களுக்கு இவ்வாறே ஏறி இறங்கும். பண்டிகைக் காலத்தில் துணி விற்கும் இணையக் கடைக்கும், தேர்வு முடிவு வெளியாகும் நாளில் அம்முடிவினை வெளியிடும் தளத்திற்கும் ஒரு நாளின் தேவை மற்றைய நாளின் தேவையைப் போலப் பன்மடங்காக உயரும். இத்தகையோர்க்கு வாடகை முறை பெருந்துணையாகும்.

இதற்கு நெட்பிளிக்ஸ் நிறுவனத்தின் வரலாறு தக்க சான்றாகும். அந்நிறுவனம் முன்னர்த் திரைப்படக் குறுந்தட்டுகளை அஞ்சல் வழியே உறுப்பினர்களுக்கு அனுப்பி வந்தது. 2008-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அதன் தரவுத்தளம் பழுதுற்றது. அதனால் 3 நாள்கள் குறுந்தட்டுகளை அனுப்ப இயலாது போயிற்று. சொந்தக் கணிப்பொறிகளை நம்பியிருத்தல் தகாது எனக் கருதிய அந்நிறுவனம், தன் பணிகளை அமேசானின் மையங்களுக்கு மாற்றத் தொடங்கிற்று. ஒரே நாளில் நிகழ்ந்த மாற்றமன்று அது. ஏறத்தாழ 7 ஆண்டுகள் படிப்படியாக நடந்து, 2016-ஆம் ஆண்டு ஜனவரியில் நிறைவெய்தியது. குடிபுகுவதற்கே 7 ஆண்டுகள் ஆயின எனின், புகுமுன் இடத்தை ஆராய்ந்து தேர்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை நீங்களே உணரலாம்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதற்கண் செய்யத்தக்கது தன் தேவையை அளந்தறிதல். துணி எடுக்கச் செல்பவன் எத்தனை முழம் வேண்டும் என்பதை அறியாது சென்றால், கடைக்காரன் சொல்லும் அளவே அளவாகிவிடும். எவ்வளவு தரவினைச் சேமிக்க வேண்டும், எத்தனை பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவர், தேவை எந்நாளில் உயரும், எந்நாளில் தாழும், வரும் 3 ஆண்டுகளில் வளர்ச்சி எவ்வாறு இருக்கும் என்பவற்றை நிறுவனம் கணக்கிட வேண்டும். இக்கணக்கினைப் பொறியாளர் மட்டும் போடுதல் போதாது. பணம் அறிந்த நிதி அலுவலரும், ஒப்பந்தம் அறிந்த சட்ட வல்லுநரும் உடனிருந்து ஆராய்தல் வேண்டும். ஒருவர் காணாத குறையை மற்றவர் காண்பர்.

இரண்டாவதாக ஆராயத்தக்கது இடம். மேகத்திற்கும் இடம் உண்டு என்பதனை முன்னரே கண்டோம். கண்ணாடி இழையின் வழியே ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். 14,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மையத்திற்கு ஒரு செய்தி சென்று மீள்வதற்கு, வேறு தடை எதுவும் இல்லாதபோதும், நொடியில் ஏழில் ஒரு பங்கு செல்லும். ஒரு பக்கத்தைக் காட்டுவதற்குப் பலமுறை செய்தி சென்று மீள வேண்டுமாயின் தாமதம் கண்ணுக்கே புலப்படும். ஆதலின், பயன்படுத்துவோர்க்கு அண்மையிலுள்ள மையமே பெரும்பாலும் விரும்பத்தக்கது. இடத்தைச் சட்டமும் வரையறுப்பதுண்டு. பணப் பரிமாற்றம் பற்றிய தரவுகளை இந்தியாவிலேயே சேமித்து வைக்க வேண்டும் என 2018-ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்திய ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. அத்தொழிலில் ஈடுபட்ட நிறுவனம், அயல்நாட்டு மையம் எவ்வளவு மலிவாயினும் அதனை நாட இயலாது.

மூன்றாவது, பாதுகாப்பு. வீட்டைக் கட்டியவர் வலிய கதவும் பூட்டும் அமைத்துத் தரலாம். இரவில் கதவைப் பூட்டாது உறங்கினால் அது குடியிருப்போர் குற்றமே. மேகக் கணிமையிலும் இவ்வாறு பொறுப்பு இரு கூறாகப் பிரிந்து நிற்கும். கட்டடம், மின்சாரம், கணிப்பொறி ஆகியவற்றைக் காப்பது வழங்குவோர் கடமை. யார் யார் தரவினைக் காணலாம் என்று வரையறுப்பதும், கடவுச்சொல்லைக் காப்பதும் பெறுவோர் கடமை. இவ்வெல்லை எங்கே முடிகின்றது, எங்கே தொடங்குகின்றது என்பதனை ஒப்பந்தத்தில் கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

நான்காவது, விலை. இரண்டு அல்லது மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி பெற்று ஒப்பிடுவது நல்வழக்கம். ஆயின், ஒப்பீடு ஒரே அளவுகோலால் அமைதல் வேண்டும். ஒருவர் சேமிப்பிற்குக் குறைந்த விலை கூறுவர். அச்சேமிப்பிலிருந்து தரவினை எடுக்குந்தோறும் தனிக்கட்டணம் பெறுவர். மற்றொருவர் கணிப்பொறிக்குக் குறைந்த விலை கூறுவர். பழுது நேர்ந்தபோது பொறியாளரின் உதவி பெறத் தனிக்கட்டணம் பெறுவர். ஆதலின், பட்டியலில் உள்ள ஒரு பொருளின் விலையைப் பாராது, தன் பணி முழுவதையும் ஓராண்டு நடத்த ஆகும் மொத்தச் செலவினையே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இவையனைத்தையும் தாளில் ஆராய்ந்தபின், சிறியதொரு பணியை மட்டும் அவ்விடத்தில் வைத்துச் சில திங்கள் நடத்திப் பார்ப்பது அறிவுடைமை. புதிய தோணியை முதலில் வெள்ளோட்டம் விட்டுப் பார்த்த பின்னரே சுமையேற்றுவர் அன்றோ?

விலை பேசுதல்

மாட்டுச் சந்தையில் தரகர் இருவர் ஒரு துண்டினைக் கைமேல் போட்டு, அதன் மறைவில் விரல் பிடித்து விலை பேசும் வழக்கம் உண்டு. சுற்றி நிற்போர்க்கு அவ்விலை தெரியாது. மேகக் கணிமை வழங்குவோர் தம் விலைப்பட்டியலை எல்லோரும் காண வெளியிடுகின்றனர். எனினும், பெருநிறுவனங்களோடு அவர்கள் பேசும் விலை பெரும்பாலும் துண்டின் மறைவில் பேசும் விலையே ஆகும்.

அப்பேரத்தின் உயிர்நிலை உறுதித்தொகை என்பதாகும். "இத்தனை ஆண்டுகளில் இத்தனை பணம் உம்மிடம் செலவிடுவோம்" என்று வாங்குவோர் உறுதி கூறுவர். அதற்கு ஈடாக விற்போர் தள்ளுபடி அளிப்பர். சிறு அளவில் இம்முறை 2009-ஆம் ஆண்டிலேயே அமேசானில் தொடங்கிவிட்டது. ஒரு கணிப்பொறியை ஓராண்டிற்கோ 3 ஆண்டுகளுக்கோ முன்னரே ஒதுக்கிக்கொள்வோர்க்கு வாடகை குறைவு என்பது அதன் அமைப்பு. பெரு நிறுவனங்கள் இதனையே பெருந்தொகைக்குப் பேசுகின்றன.

அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்க முற்படும்போது, தன் முதன்மையான ஒப்பந்தக் கடமைகளை வெளிப்படுத்துதல் வேண்டும். அதனால் சில பேரங்கள் உலகறிய வெளிவந்தன. ஸ்னாப் என்னும் நிறுவனம், 5 ஆண்டுகளில் கூகுளுக்கு 200 கோடி டாலரும் அமேசானுக்கு 100 கோடி டாலரும் செலவிட உறுதி கூறியிருந்தமை 2017-இல் தெரியவந்தது. வாடகைக் கார் ஏற்பாட்டுத் தொழில் நடத்தும் லிப்ட் நிறுவனம், 2019 முதல் 2021 வரையுள்ள 3 ஆண்டுகளில் அமேசானுக்கு 30 கோடி டாலருக்குக் குறையாது செலவிடுவதாகவும், ஒவ்வோர் ஆண்டிலும் 8 கோடி டாலருக்குக் குறையாது செலவிடுவதாகவும் ஒப்புக்கொண்டிருந்தது. உறுதி கூறிய தொகைக்குப் பயன்படுத்தாவிடின், குறையும் தொகையைப் பணமாகவே கட்டுதல் வேண்டும். இந்நிபந்தனையே உறுதித்தொகையின் கூரிய முனை.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு நிறுவனத்தின் ஓராண்டுத் தேவை, பட்டியல் விலைப்படி 1 கோடி ரூபாய் என்று கொள்வோம். விற்பவர் இரு வழிகளைக் கூறுகின்றார். ஆண்டுக்கு 80 லட்சம் ரூபாய்க்கு உறுதி கூறினால் நூற்றுக்கு 10 தள்ளுபடி. ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு உறுதி கூறினால் நூற்றுக்கு 20 தள்ளுபடி. நூற்றுக்கு 20 என்பதைக் கேட்டவுடன் மனம் அதன்பாற் செல்வது இயல்பு. கணக்குப் பார்ப்போம். முதல் வழியில் நிறுவனம் செலுத்துவது 90 லட்சம். இரண்டாம் வழியில் பயன்படுத்திய பொருளின் விலை 80 லட்சமே ஆயினும், உறுதிப்படி ஒன்றரைக் கோடி கட்ட வேண்டும். கூடுதல் தள்ளுபடியை விரும்பியவர்க்கு நேர்ந்த இழப்பு 60 லட்சம். அந்நிறுவனத்தின் தேவை 2 கோடியாக வளர்ந்தால், முதல் வழியில் 1 கோடியே 80 லட்சமும், இரண்டாம் வழியில் 1 கோடியே 60 லட்சமும் ஆகும். அப்போது இரண்டாம் வழி 20 லட்சத்தை மிச்சப்படுத்தும். எனவே, தள்ளுபடியின் நன்மையும் தீமையும் அதன் விகிதத்தில் இல்லை. தன் வளர்ச்சியைத் தான் எவ்வளவு மெய்யாக அறிந்திருக்கின்றோம் என்பதில் உள்ளது. நிச்சயமாகத் தெரிந்த தேவையின் அளவிற்கு உட்பட்டே உறுதி கூற வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

தொகையைத் தவிரப் பேசத்தக்கன வேறு பலவும் உண்டு. ஓராண்டில் குறைந்த செலவினை மறு ஆண்டில் ஈடுசெய்ய இடம் கேட்கலாம். ஸ்னாப் நிறுவனம், கூகுளோடு செய்த உடன்படிக்கையில், முதல் 4 ஆண்டுகளில் ஆண்டுத்தொகையில் நூற்றுக்கு 15 வரை அடுத்து வரும் ஆண்டிற்கு மாற்றிக்கொள்ள இடம் பெற்றிருந்தது. ஒப்பந்தக் காலத்தில் விலையை உயர்த்தலாகாது என்று வரம்பு கட்டலாம். பழைய இடத்திலிருந்து புதிய இடத்திற்கு மாறும் செலவில் ஒரு பகுதியை விற்பவரே ஏற்குமாறு கேட்கலாம். ஒப்பந்தம் தானாகவே புதுப்பிக்கப்படாது, முன்னறிவிப்போடு புதுப்பிக்கப்பட வேண்டும் என்று எழுதிக்கொள்ளலாம்.

இப்பேச்சில் வாங்குவோர்க்கு வலிமை தருவது உரத்த குரலன்று. வேறொரு நிறுவனத்தின் விலைப்புள்ளி கையில் இருத்தலும், அங்கே உண்மையாகவே செல்ல இயலும் என்னும் ஆயத்தமும் தருவதே வலிமை. வேறு கடைக்குச் செல்ல இயலாதவன் என்று தெரிந்துகொண்ட விற்பனையாளன் விலை குறைப்பதில்லை.

உறுதிமொழியும் ஈடும்

வாங்குவோர் உறுதித்தொகை கூறுவது போல, விற்போரும் ஓர் உறுதிமொழி கூறுவர். "எம் பணி திங்கள்தோறும் நூற்றுக்கு இத்தனை பங்கு நேரம் தடையின்றி நடைபெறும்" என்பது அது. நூற்றுக்கு 99 என்று கேட்டவுடன் நிறைவாகத் தோன்றும். 30 நாள் கொண்ட திங்களுக்கு 720 மணி நேரம். அதில் நூற்றில் ஒரு பங்கு 7 மணி 12 நிமிடம். அவ்வளவு நேரம் பணி நின்றாலும் உறுதிமொழி தவறியதாகாது. 99.9 எனின் 43 நிமிடத்திற்குச் சற்று மிகுதி, 99.99 எனின் 4 நிமிடத்திற்குச் சற்று மிகுதி. ஒரு புள்ளிக்குப்பின் நிற்கும் சிறு எண்களின் பெருமையை இங்கே காணலாம்.

உறுதிமொழி தவறினால் ஈடு உண்டு. அமேசானின் சேமிப்புப் பணியை எடுத்துக்கொள்வோம். அப்பணி 99.9-க்குக் கீழே சென்றால் கட்டணத்தில் நூற்றுக்கு 10-உம், 99-க்குக் கீழே சென்றால் 25-உம், 95-க்குக் கீழே சென்றால் முழுத்தொகையும் வரவு வைக்கப்படும். ஆயின், அவ்வீடு வாடகைக்கே உரியது. வணிக இழப்பிற்கு உரியதன்று. தீபாவளிக்கு முதல் நாள் ஓர் இனிப்புக் கடையின் இணைய விற்பனை 2 மணி நேரம் நின்றது எனக் கொள்வோம். அக்கடை இழந்த விற்பனை பல லட்சம் ரூபாய் ஆகலாம். அதற்குக் கிடைக்கும் ஈடு அத்திங்கள் வாடகையில் ஒரு சிறு பகுதியே. அதனையும் கடைக்காரர் தாமே விண்ணப்பித்துப் பெற வேண்டும். ஆதலின், ஈட்டை நம்பித் தற்காப்பினைக் கைவிடுதல் பேதைமை.

தற்காப்பின் இன்றியமையாமையை உணர்த்தும் நிகழ்ச்சிகள் இரண்டினை ஈண்டு நினைவுகூர்தல் தகும். 2021-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள், பிரான்சு நாட்டின் ஸ்திராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீக்கிரையாயிற்று. மூலத்தையும் அதன் காப்புப்படியையும் அவ்வொரே இடத்தில் வைத்திருந்தோர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர். காப்புப்படி தனியிடத்தில் வைக்கப்படும் என்று ஒப்பந்தம் கூறியிருந்ததனைச் சுட்டிக்காட்டி வழக்குத் தொடுத்த வாடிக்கையாளர் ஒருவர்க்கு, 1 லட்சம் யூரோவிற்கு மேல் இழப்பீடு தருமாறு 2023-இல் லீல் நகர வணிக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் எழுதப்பெற்ற ஒரு சொற்றொடர் அவர்க்குத் துணைநின்றது. எழுதப்பெறாத நம்பிக்கை நீதிமன்றத்தில் சான்று கூறாது.

மற்றொன்று ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. 6 லட்சத்திற்கு மேற்பட்ட உறுப்பினர்களின் ஓய்வூதியச் சேமிப்பைக் காக்கும் யூனிசூப்பர் என்னும் நிதியம், கூகுளின் மேகத்தில் தன் பணிகளை வைத்திருந்தது. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் அதன் கணிப்பொறி அமைப்பு அழிந்துபோயிற்று. தொடக்கத்தில் அமைப்பை உருவாக்கியபோது, கூகுளின் ஊழியர் ஓரிடத்தை நிரப்பாது விட்டமையால், ஓராண்டு முடிந்ததும் அது தானாகவே நீக்கப்பட்டுவிட்டது. உறுப்பினர்கள் ஏறத்தாழ ஒரு வாரம் தம் கணக்கினைக் காண இயலாது தவித்தனர். எனினும், தரவுகள் மீட்கப்பெற்றன. வேறொரு நிறுவனத்திடம் யூனிசூப்பர் வைத்திருந்த காப்புப்படிகள் அம்மீட்பிற்குத் துணையாயின. விதைநெல்லைத் தனிக் குதிரில் வைத்துக் காக்கும் உழவன் பஞ்சத்திலும் மறுபடி விதைப்பான்.

போகும் வாயில்

குடிபுகும்போது வீட்டின் அழகைக் காண்போர் பலர். வீட்டைக் காலி செய்யும் நாளை எண்ணுவோர் சிலரே. மேகக் கணிமையில் பெருந்துன்பம் தோன்றுவது இவ்விடத்தில்தான். தரவினை உள்ளே கொண்டுவரக் கட்டணம் இல்லை. வெளியே எடுத்துச் செல்லக் கட்டணம் உண்டு. அமேசானின் வட அமெரிக்க மையங்களில் இக்கட்டணம் தொடக்க அளவில் ஒரு ஜிகாபைட்டுக்கு ஏறத்தாழ 9 சென்ட் ஆகும். சிறு தொகையாகத் தோன்றும் இது, 100 டெராபைட் தரவினை வெளியே எடுக்கும்போது ஏறத்தாழ 8,000 டாலராகப் பெருகும்.

இவ்வழக்கம் போட்டியைத் தடுக்கின்றது என்னும் குறை எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியம் இதற்கெனச் சட்டம் இயற்றிற்று. 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், ஒரு வழங்குநரை விட்டு மற்றொருவரிடம் மாறுவோரிடம் மாற்றக் கட்டணம் பெறுவதனை 2027 ஜனவரி 12 முதல் அறவே விலக்குகின்றது. சட்டம் நடைமுறைக்கு வருமுன்னரே, 2024-ஆம் ஆண்டின் முதல் 3 திங்களுக்குள் கூகுளும் அமேசானும் மைக்ரோசாப்டும், தம்மை விட்டு நீங்குவோர்க்கு இக்கட்டணத்தைத் தள்ளிவிடுவதாக அறிவித்தன. நாள்தோறும் நடைபெறும் வழக்கமான தரவு வெளியேற்றத்திற்கு அவ்வறிவிப்பு பொருந்தாது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

கட்டணத்தினும் வலிய கட்டு மற்றொன்று உண்டு. ஒவ்வொரு வழங்குநரும் தமக்கே உரிய சில தனிக்கருவிகளை உருவாக்கித் தருவர். அவை பணியை எளிதாக்கும். ஆயின், அவற்றை நம்பி எழுதப்பெற்ற மென்பொருள் வேறிடத்தில் இயங்காது. மீண்டும் எழுத வேண்டும். எளிமைக்காக ஏற்ற வசதியே பின்னர்க் காற்கட்டாகிவிடும். ஆதலின், எவ்விடத்தும் இயங்கும் பொதுவான கருவிகளை எங்கே கையாள்வது, தனிக்கருவிகளை எங்கே ஏற்பது என்பதனைத் தொடக்கத்திலேயே முடிவு செய்தல் வேண்டும்.

போகும் வாயிலைத் திறந்து வைத்திருந்தோர் பயன் பெற்றமைக்குச் சான்றுகள் உண்டு. கோப்புகளைச் சேமித்துத் தரும் டிராப்பாக்ஸ் நிறுவனம், தொடக்கத்தில் அமேசானின் சேமிப்பினையே பயன்படுத்திற்று. பின்னர்த் தனக்கெனச் சேமிப்பு அமைப்பினை உருவாக்கி, பயனாளர் தரவில் ஏறத்தாழ நூற்றுக்கு 90 பங்கினை அங்கே மாற்றிற்று. 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அதன் செலவு ஏறத்தாழ 7 கோடியே 46 லட்சம் டாலர் குறைந்ததாக அந்நிறுவனம் 2018-இல் அறிவித்தது. பேஸ்கேம்ப் என்னும் மென்பொருளை வழங்கும் 37சிக்னல்ஸ் நிறுவனம், 2022-இல் மேகக் கணிமைக்கு 32 லட்சம் டாலருக்குச் சிறிது மிகுதியாகச் செலவிட்டது. பின்னர் ஏறத்தாழ 7 லட்சம் டாலர் விலையில் சொந்தக் கணிப்பொறிகளை வாங்கித் தன் பணிகளை அவற்றிற்கு மாற்றிக்கொண்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனமும் தன் பணிகளைத் தன் சொந்தத் தரவு மையங்களிலேயே நடத்துகின்றது.

இவற்றைக் கொண்டு வாடகை முறை தீது என்று முடிவு செய்தல் பொருந்தாது. டிராப்பாக்ஸ் புகுந்த வழியே வெளியேறிற்று. நெட்பிளிக்ஸ் புகுந்து நிலைத்தது. தேவை என்றும் ஒரே சீராக இருப்பவர்க்குச் சொந்தப்பொருள் சிக்கனம். தேவை ஏறி இறங்குபவர்க்கும், தொடக்கத்தில் முதல் இல்லாதவர்க்கும் வாடகை சிக்கனம். இரண்டு நிலையிலும் பொதுவாக வேண்டுவது ஒன்றே. இருப்பதும் நீங்குவதும் தன் விருப்பத்தால் அமைய வேண்டும். நீங்க இயலாமையால் இருத்தல் அமையலாகாது.

முடிவுரை

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது நம் நாட்டுப் பழமொழி. அன்பு குறைந்த இடத்தில் தோன்றிய பழமொழி அன்று இது. கணக்குத் தெளிவாக இருந்தால் அன்பு கெடாது என்று அறிந்தோர் கூறியது. வணிகத்திலும் அவ்வாறே. தேவையை அளந்து, இடத்தையும் சட்டத்தையும் ஆராய்ந்து, மொத்தச் செலவினை ஒப்பிட்டு, தெரிந்த அளவிற்கே உறுதி கூறி, காப்புப்படியை வேறிடத்தில் வைத்து, நீங்கும் முறையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்ட நிறுவனம், விற்பவரை ஐயுற்றதாகாது. இருவர்க்கும் இடையே பின்னர்ப் பூசல் எழாதவாறு வழி செய்ததாகும்.

மாணவர்களே! நாளை உங்களுள் சிலர் இத்தகைய ஒப்பந்தங்களில் கையொப்பமிடும் நிலையை அடைவீர்கள். பிறருடைய சேமிப்பும், நோயாளியின் மருத்துவக் குறிப்பும், மாணவரின் மதிப்பெண்ணும் உங்கள் கையொப்பத்தை நம்பி எங்கோ ஒரு கட்டடத்தில் தங்கியிருக்கும். அன்று, புகும் வாயிலில் நிற்கும்போதே போகும் வாயில் எங்கே உள்ளது என்று கேளுங்கள். அக்கேள்விக்குத் தெளிவான விடை கூறுபவரே நம்மோடு நெடுநாள் தொழில் நடத்தத் தக்கவர்.

வினாக்கள்

1. மேகக் கணிமை என்பதனை உம் சொந்த நடையில் விளக்குக.
2. ஒரு நிறுவனம் வழங்குநரைத் தேர்ந்தெடுக்குமுன் ஆராய வேண்டுவன யாவை?
3. தள்ளுபடி மிகுதியாக இருந்தும் இழப்பு நேர்வது எவ்வாறு? பாடத்தில் உள்ள கணக்கினைக் கொண்டு விளக்குக.
4. ஸ்திராஸ்பூர் நிகழ்ச்சியும் யூனிசூப்பர் நிகழ்ச்சியும் உணர்த்தும் உண்மைகள் யாவை?
5. நூற்றுக்கு 99.5 பங்கு நேரம் பணி நடைபெறும் என்பது உறுதிமொழியாயின், 30 நாள் கொண்ட திங்களில் எவ்வளவு நேரம் பணி நிற்கலாம் எனக் கணக்கிடுக.